டவர் வைத்த பிறகுதான் வேலை

மலைக்கு மேல் 4ஜி வந்துவிட்டது என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்கு முதலில் தோன்றுவது, சரி, அந்த சைட்டில் கரண்ட் போனால் யார் போய்ப் பார்ப்பார்கள் என்பதுதான். கோணல் புத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். போடிமெட்டு தாண்டிக் கேரளப் பக்கம் பூப்பாறை, சாந்தன்பாறை, சூரியநெல்லி, சின்னக்கானல் என்று ஏலத்தோட்டமும் தேயிலைக்காடுமாகக் கிடக்கும் பகுதியில் டவர் பராமரிப்பு வேலை பார்ப்பவனுக்கு வேறு எப்படித் தோன்றும்? நான் நெட்வொர்க் கம்பெனி ஆள்கூட இல்லை. அவர்களுக்கு டவரை வாடகைக்கு விடும் கம்பெனி ஒன்று, அந்தக் கம்பெனியிடம் பராமரிப்பை எடுத்திருக்கும் ஒப்பந்தக்காரர் ஒருவர், அவரிடம் சம்பளம் வாங்கும் டெக்னீசியன் நான். பேட்டரி, ஜெனரேட்டர், எர்த்திங், டவர் உச்சி விளக்கு, வேலி, பூட்டு, பூட்டை உடைத்துக் கேபிளை அறுத்துக்கொண்டு போனால் போலீஸ் ஸ்டேஷனுக்கு அலைவது, எல்லாம் எங்கள் தலையில்.

ஊரில் எல்லோரும் அண்ணாந்து ஆன்டெனாவைத்தான் பார்ப்பார்கள். சிக்னல் இல்லையென்றால் "மேல ஏறிப் பாருங்க" என்பார்கள். நான் மேலே ஏறுவது அபூர்வம். கோளாறு பெரும்பாலும் கீழே, அந்த இரும்பு அலமாரிக்குள் இருக்கும். டவர் கருவிகள் 48 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுபவை. மின்வாரியம் தரும் கரண்டை ரெக்டிஃபையர் மாற்றிக் கொடுக்கும், கூடவே பேட்டரியும் சார்ஜ் ஆகும். பேட்டரி என்றால் இரண்டு வோல்ட் செல்கள் 24, வரிசையாகக் கோத்தது. இந்தத் தொகுப்பைத்தான் பேங்க் என்போம். 600 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேங்க், சைட் 40 ஆம்பியர் இழுக்கிறது என்றால் காகிதத்தில் 15 மணி நேரம் வர வேண்டும். லெட் ஆசிட் பேட்டரியை அடிவரை வடிய விடக்கூடாது என்பதால் அதில் கொஞ்சம் கழியும், மலைக் குளிரில் இன்னும் கொஞ்சம் கழியும். இதையெல்லாம்விடப் பெரிய வில்லன் அரைகுறை சார்ஜ். மழைக்காலத்தில் ஒரு சில்வர் ஓக் கிளை லைனில் விழுந்தால் போதும், கரண்ட் போய்விடும். வந்தாலும் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி போகும். பேட்டரி முழுசாக நிரம்புவதே இல்லை. நிரம்பாமலே வடிந்து வடிந்து தகடுகளில் சல்ஃபேட் படிந்துவிடும்.

அப்படிப்பட்ட பேங்கில் மீட்டரை வைத்து ஒவ்வொரு செல்லாகத் தொட்டுக்கொண்டே வருவோம். லோடு ஓடும்போது 2.0, 1.98, 2.0 என்று ஒழுங்காக வந்துகொண்டிருக்கும், திடீரென்று ஒன்று 1.6 காட்டும். அதுதான் ஆள். தொடராகக் கோத்திருப்பதால் அந்த ஒன்று படுத்தால் மற்ற 23-ம் சேர்ந்து படுக்கும். அந்தச் செல்லை மட்டும் மாற்றித் தாருங்கள் என்று கேட்டால், பழைய செல்களோடு புதிய செல்லைச் சேர்க்கக் கூடாது என்று பதில் வரும். அது நியாயம்தான். அப்படியானால் பேங்கையே மாற்றுங்கள் என்றால் அனுமதி வருவதற்குள் அடுத்த மழைக்காலம் வந்துவிடும்.

வோல்டேஜ் 44-க்குப் பக்கத்தில் இறங்கியதும், பேட்டரி செத்துப்போகாமல் இருக்க லோடைத் தானாகவே துண்டிக்கும் ஒரு ஏற்பாடு உண்டு. அது முதலில் துண்டிப்பது ரேடியோவை, அதாவது உங்கள் போனோடு பேசும் கருவியை. பக்கத்து டவர்களோடு இணைக்கும் மைக்ரோவேவைக் கடைசிவரை வைத்திருக்கும். ஏனென்றால் மலையில் ஒரு டவர்தான் இன்னொரு டவருக்கு வழி. மேட்டில் இருக்கும் ஒன்று படுத்தால் அதை நம்பி அந்தப் பக்கச் சரிவில் இருப்பவை அத்தனையும் படுக்கும். ஆக, காலடியில் இருக்கும் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, சிக்னலை நிறுத்திவிட்டு, கண்ணுக்குத் தெரியாத டவர்களுக்குப் பாதையைத் திறந்து வைத்திருக்கும். கணக்குப்படி சரியான முடிவு. லயத்தில் இருப்பவரிடம் போய் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்.

மழை வலுத்தால் மைக்ரோவேவுக்கும் மூச்சு வாங்கும். இணைப்பு அறுந்துவிடக் கூடாது என்று வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்; அப்போது வாட்ஸ்அப்பில் எழுத்து போகும், படம் சுற்றிக்கொண்டே நிற்கும். ஃபைபர் போட்டால் தீர்ந்தது என்பார்கள். தீரும், சாலை சும்மா இருந்தால். மூணாறு - போடிமெட்டு சாலையை அகலப்படுத்திய ஆண்டுகளில் ஜேசிபி ஃபைபரைக் கிள்ளியெறிவதும் அதே சாலையில் கேப் ரோடு என்னும் பகுதியில் மலை சரிவதும் மாறி மாறி நடந்தன. தரையில் ஃபைபர், வானத்தில் மைக்ரோவேவ், இரண்டும் இருந்தால்தான் இங்கே பிழைப்பு. இரண்டுக்கும் செலவு செய்யும் அளவுக்கு இங்கே ஆள் கிடையாது என்பதுதான் திட்டம் போடுகிறவர்கள் பக்கத்து வாதம்.

ஒப்பந்தப்படி ஒரு சைட் விழுந்தால் நான்கு மணி நேரத்துக்குள் எழுப்ப வேண்டும். அலாரம் போய்ச் சேரும் கன்ட்ரோல் ரூம் எங்கோ ஒரு நகரத்தில் இருக்கிறது. ஒரு சாயங்காலம் சின்னக்கானல் பக்கம் டீசல் கேன்களோடு ஜீப்பில் போய்க்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"அண்ணா, சைட் டவுன் ஆகி மூணு மணி நேரம் ஆச்சு, எங்க இருக்கீங்க?"

"ரோட்டுல ஆனை நிக்குது தம்பி."

"போட்டோ எடுத்து அனுப்புங்கண்ணா, டிக்கெட்ல போடணும்."

அந்தத் தம்பியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவனுடைய திரையில் தாமதத்துக்குக் காரணம் சொல்லும் பட்டியலில் யானை கிடையாது, அதனால் சாட்சி கேட்கிறான். அரிக்கொம்பன் என்ற காட்டு யானையை 2023 ஏப்ரலில் பிடித்துக்கொண்டு போன பிறகும் அந்தப் பகுதியில் சக்கக்கொம்பன் என்ற இன்னொரு யானை உண்டு, கூட்டமாகத் திரிபவை வேறு. இருட்டினால் ஜீப் ஓட்டுநர் வரமாட்டார். வரச்சொல்லி நான் வற்புறுத்துவதும் இல்லை.

இதெல்லாம் வெறும் தொழில் புலம்பல் என்று தோன்றினால் பெட்டிமுடியை நினைத்துப் பாருங்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலைக்கு அப்பால் லயங்கள் மேல் மலை இறங்கியது. 70 உயிர்கள், பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். மழையில் கரண்டும் போன் தொடர்பும் ஏற்கெனவே போயிருந்ததால் வெளியுலகத்துக்குச் சேதி எட்ட மறுநாள் காலை ஆனது. எட்டியிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று கணக்குப் போடும் தகுதி எனக்கில்லை. ஆனால் அந்தப் பகுதிக்கு டவர் இருந்தது. அந்த இரவில் அது வேலை செய்யவில்லை, அவ்வளவுதான். வரைபடத்தில் அந்த இடம் அன்றைக்கும் சிக்னல் உள்ள இடம் என்றுதான் வண்ணம் பூசப்பட்டிருக்கும்.

வரைபடம் என்றதும் இன்னொன்று. உலக அளவில் மொபைல் பிராட்பேண்ட் சிக்னலே எட்டாத இடத்தில் வாழ்பவர்கள் மக்கள்தொகையில் 4 சதவீதத்தைச் சுற்றித்தான் என்று உலக மொபைல் கம்பெனிகளின் கூட்டமைப்பான ஜிஎஸ்எம்ஏ கணக்குச் சொல்கிறது. சிக்னல் எட்டும் இடத்தில் இருந்துகொண்டே இணையம் பயன்படுத்தாதவர்கள் அதைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு. போன் விலை, ரீசார்ஜ் விலை, படிப்பு, பழக்கம் என்று காரணங்கள் அடுக்குவார்கள். எல்லாம் உண்மை. ஆனால் வாரத்தில் மூன்று நாள் செத்துக்கிடக்கும் டவருக்குக் கீழே இருப்பவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அவருக்குச் சிக்னல் எட்டுகிறது என்றுதான் எழுதியிருக்கும். நாலு தடவை ஏமாந்தவர் ஐந்தாவது தடவை ரீசார்ஜ் போடமாட்டார்.

எல்லைக்கென்று தனித் தலைவலியும் இருக்கிறது. போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவு ஏறினால் போடிமெட்டு, அதைத் தாண்டினால் கேரளம். முன்பெல்லாம் ஏதோ ஒரு வளைவில் போன் ரோமிங்குக்குப் போய் காசு கரையும், 2017 வாக்கில் கம்பெனிகள் உள்நாட்டு ரோமிங் கட்டணத்தை எடுத்த பிறகு ஜனங்கள் அதை மறந்தே போனார்கள். ஆனால் அலைக்கற்றை இன்னமும் தமிழ்நாட்டுத் தொலைத்தொடர்பு வட்டத்துக்குத் தனி, கேரள வட்டத்துக்குத் தனி. ஒரு வட்டத்து அலை மற்ற வட்டத்தில் கொட்டக் கூடாது என்று இரண்டு பக்கமும் ஆன்டெனாவைக் கீழே சாய்த்தும் முகம் திருப்பியும் வைப்பார்கள். முகட்டில் இருக்கும் தோட்டத்துக்கு, பங்காளிச் சண்டையில் நடுவில் மாட்டிய வரப்பு நிலை. அங்கே நின்றால் கீழே தேனிப் பக்கத்துச் சமவெளி முழுக்கத் தெரியும், அங்குள்ள டவர்களின் அலையும் ஏறி வரும். போனில் சிக்னல் கோடு காட்டும், அழைப்பு போகாது. டவரின் குரல் இங்கே கேட்கிறது, போனின் குரல் அங்கே எட்டவில்லை. எட்டினாலும், 4ஜியில் வழக்கமாக வைக்கும் அமைப்பில் ஏறத்தாழ 14 கிலோமீட்டருக்குள் இருந்து கூப்பிடும் போனைத்தான் டவர் சேர்த்துக்கொள்ளும். பழைய 2ஜிக்கு இந்த எல்லை 35 கிலோமீட்டர். "பழைய போன்ல கிடைச்சுது, புதுசுல கிடைக்கல" என்று பெரியவர்கள் சொன்னால் அது கற்பனை இல்லை. அவசரத்துக்கு 112 அடித்தால் எந்த மாநிலத்துக் கட்டுப்பாட்டு அறை எடுக்கும் என்பதும் போன் எந்தப் பக்கத்து டவரைப் பிடித்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

ஏலக்காய் எடுக்க போடியிலிருந்து தினமும் ஜீப்பில் ஏறி வரும் அக்கா ஒருவர், நான் வேலியைப் பூட்டிக்கொண்டிருந்தபோது நிறுத்திக் கேட்டார். "தம்பி, டவரு இங்கனதான் நிக்கிது, என் போனுல மட்டும் ஒண்ணும் வரலையே?" வாங்கிப் பார்த்தேன், 2ஜி கீபேட் போன். அந்த சைட்டில் 4ஜி மட்டும்தான். விஷயத்தைச் சொன்னேன். "அப்ப எங்களுக்குன்னு ஒண்ணும் வைக்கலையாக்கும்" என்றுவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார். அவருக்கு இணையம் வேண்டாம், பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டானா என்று கேட்க வேண்டும். இணையம் வேண்டாதவர்களுக்குப் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள ரீசார்ஜ் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதி கொண்டுவந்தது நல்ல காரியம். ஆனால் அந்த ரீசார்ஜைப் போடுவதற்கு முதலில் டவரோடு பேசத் தெரிந்த போன் கையில் வேண்டுமே. என்னைக் கேட்டால், டவருக்குக் கொட்டும் காசில் ஒரு துளியை 4ஜியில் பேச முடிகிற மலிவான பட்டன் போனுக்குக் கொடுத்தால் இந்த மலையில் உடனே பலன் தெரியும்.

காசு இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. தொலைத்தொடர்புக் கம்பெனிகளின் வருவாயில் 5 சதவீதம் இதற்கென்றே அரசு நிதிக்குப் போகிறது, 2023 சட்டத்துக்குப் பிறகு அந்த நிதிக்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர். 2022 ஜூலையில், சிக்னல் இல்லாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோக 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அந்தத் தொகையில் ஐந்து ஆண்டு நடத்தும் செலவும் அடக்கம் என்று படித்தபோது பரவாயில்லையே, யாரோ சைட் பார்த்தவர் உள்ளே இருக்கிறார் என்று நினைத்தேன். லெட் ஆசிட் பேட்டரி இந்த மழையில் அந்த ஐந்து ஆண்டைத் தாண்டுவது கஷ்டம். ஆறாவது ஆண்டு பேட்டரி யார் கணக்கில்? லித்தியம் போட்டால் அரைகுறை சார்ஜைத் தாங்கும், எங்கள் பகுதியில் போட்ட இடங்களில் நிம்மதியாக இருக்கிறது, திருடுபோகும் பயம் மட்டும் கூடுதல். சோலார் மறையூர் மாதிரி மழைமறைவுப் பக்கத்துக்குச் சரி. ஜூலையில் மூணாறுப் பக்கம் வெயிலை நம்பி டவர் வைப்பவரை நான் பார்க்க வேண்டும்.

எங்கள் பகுதியில் எல்லா சைட்டையும்விட ஒழுங்காக ஓடுவது லித்தியம் போட்டதுகூட இல்லை. ஒரு லயத்துக்குப் பக்கத்தில் பழைய லெட் ஆசிட் பேட்டரியோடு இருக்கும் சைட். அங்கே லயத்தில் குடியிருக்கும் ஓர் அண்ணனிடம் ஒரு சாவி கொடுத்திருக்கிறோம். கரண்ட் போனால் ஜெனரேட்டரைப் போடுவார், வந்தால் நிறுத்துவார், டீசல் குறைந்தால் எனக்குச் சொல்வார், பெல்ட் சத்தம் மாறினால்கூடச் சொல்வார். ஆனை வந்தாலும் அவர் வீட்டு வாசலைத் தாண்டித்தான் வர வேண்டும் என்பதால் எப்போது வெளியே இறங்கலாம் என்று அவருக்குத் தெரியும். மாதம் ஒரு சிறு தொகை கொடுக்கிறோம். ஆனால் சைட் செலவுப் பட்டியலில் இப்படி ஒரு ஆளுக்குத் தலைப்பே கிடையாது, எல்லாம் ரிமோட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாகிவிட்டது. அதனால் ஒப்பந்தக்காரர் அதைப் புல் வெட்டிய கூலி என்று எழுதி அனுப்பிக்கொண்டிருக்கிறார். போன மாதம் மேலிடத்திலிருந்து கேள்வி வந்திருக்கிறது, மற்ற சைட்டுகளில் இல்லாத புல் அந்த ஒரு சைட்டில் மட்டும் எப்படி வளர்கிறது என்று. பதில் எழுதச் சொல்லி என்னிடம் தள்ளிவிட்டிருக்கிறார்கள்.