முதல் தேவசெய்திக்கு முந்தைய வாரம்

4 ஆகஸ்ட் 2025, திங்கள்

ஞாயிறு ஆராதனையில் பேசச் சொல்லி ஆயர் கேட்டதும் வாயில் முதலில் வருவது, "எனக்குத் தகுதியில்லை ஐயா." வந்தால் வரட்டும். வேதாகமத்தின் இரண்டாம் புத்தகமான யாத்திராகமத்தில் 3, 4 அதிகாரங்களைப் பென்சிலோடு வாசிக்க வேண்டும். எகிப்திலிருந்து இஸ்ரவேலரை அழைத்துவரக் கர்த்தர் அனுப்பும்போது மோசே ஐந்து முறை நழுவப் பார்க்கிறார்: 3:11, 3:13, 4:1, 4:10, 4:13. "நான் எம்மாத்திரம்" என்றபோதும் திக்குவாய் என்றபோதும் கர்த்தர் பொறுமையாகப் பதில் சொல்கிறார். வேறு யாரையாவது அனுப்பும் என்ற ஐந்தாவதுக்குத்தான் கோபம் மூளுகிறது. "உன்னால் முடியும்" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. "நான் உன்னோடே இருப்பேன்," அவ்வளவுதான். திக்குவாய் குணமானதாக எழுதியிருக்கவும் இல்லை. அவருக்காகப் பேச அண்ணன் ஆரோன் துணைக்கு வந்தார்.

6 ஆகஸ்ட், புதன்

நம் ஆரோனைப் பிடிக்கிற நாள். சபையில் முகத்துக்கு நேரே குறை சொல்லக்கூடிய ஒருவரிடம் பேசிக் காட்டுவது நல்லது. வீட்டில் பேசிக் காட்டினால் பாராட்டுதான் கிடைக்கும்.

15 நிமிடத்துக்கு ஒரே வேதபகுதி, ஒரே கருத்து. ஒத்துவாக்கியம், அதாவது அதே கருத்துள்ள வேறு வசனம், இரண்டு போதும். பயந்தவர்கள்தான் பன்னிரண்டு வசனங்களை அடுக்குவார்கள். சபையார் பக்கத்தைப் புரட்டி முடிப்பதற்குள் அடுத்தது போய்விடும். முழுவதையும் எழுதி வாசித்தால் தலை குனியும், குரல் கம்மும். முதல் இரண்டு வாக்கியமும் கடைசி இரண்டும் முழுதாக, நடுவில் குறிப்புச் சொற்கள் மட்டும்: அரைத்தாளில் அடங்கிவிடும். நேபுகாத்நேச்சார், மேவிபோசேத் மாதிரிப் பெயர்கள் வந்தால் வாய்விட்டுப் பத்து முறை.

7 ஆகஸ்ட், வியாழன்

"தகுதியில்லை" என்பது சில இடங்களில் உண்மையாகவும் இருக்கும். சென்னை வேப்பேரி என்றால் ஜெர்மன் மிஷனரி ஃபெப்ரீசியஸ். 1742-இல் சென்னைக்கு வந்தவர். அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1772-இல் அச்சேறியது. அதே மனிதர் பணவிஷயத்தில் சிக்கி, கடனுக்காகச் சிறைக்கும் போனார். தமிழுக்குக் கிடைத்த கிருபை கணக்குக்கும் சேர்த்து வந்துவிடவில்லை. வரவு செலவு எழுதத் தெரியாதவர் "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சபைப் பொருளாளர் பொறுப்பை ஏற்பதை விசுவாசம் என்று சொல்ல மாட்டேன். பயம் வேறு, அடுத்தவர் காசு வேறு.

9 ஆகஸ்ட், சனி

காலியான கோயிலில் ஃபேனை ஓடவிட்டு மைக்கில் ஒத்திகை. வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரல் இடைவெளி. சற்றே பக்கவாட்டில் பேசினால் "ப" வெடிக்காது. "நான் பேச்சாளன் இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று தொடங்கினால் கேட்கிறவர்கள் அந்தக் குறையையே எண்ண ஆரம்பிப்பார்கள். அதைக் காலையில் முழங்காலில் சொல்லிவிட வேண்டும், மைக்கில் அல்ல.

ஆகஸ்ட் வியர்வையில் மைப்பேனா எழுத்து கரையும். பால்பாயிண்டில் எழுதி, வேதாகமத்துக்குள் கிளிப் போட்டு வைக்கலாம். இல்லாவிட்டால் முதல் காற்றிலேயே அரைத்தாள் பாடகர் குழுப் பக்கம் பறந்துவிடும்.