திரையில் ஏறும் தமிழ்ப் பெயர்கள்

மொரிஷியஸில் குடும்ப வீடியோக்களை எடிட் செய்து தருவது என் தொழில். தைப்பூசம் முடிந்ததும் வேலை குவிந்துவிடும். இங்கே அன்று அரசு விடுமுறை. கோர் தெ கார்ட் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோயிலுக்குக் காவடி ஏறுவதை வீட்டுக்கு வீடு போனிலேயே எடுத்துவிடுகிறார்கள். அப்புறம் தொகுத்து, தலைப்புப் போட்டுத் தரச் சொல்லி வருவார்கள்.

தலைப்பில் தமிழ் வேண்டும் என்று அநேகமாக எல்லாருமே கேட்பார்கள். ஆனால் வீட்டில் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி; தமிழ் படிக்கத் தெரிந்தவர் பல வீடுகளில் இல்லை. அதனால்தான் பொறுப்பு முழுக்க என் மேல் விழுகிறது. பிரெஞ்சில் ஓர் எழுத்து பிசகினால் உடனே போன் வரும். தமிழில் பிசகினால் யாருக்கும் தெரியாது; பேரன் பேத்தி காலம்வரை அப்படியே நிற்கும்.

பிசகுவதும் சுலபம். சில மென்பொருள்களில் ‘கோயில்’ என்று தட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பிரீமியர் புரோ என்ற எடிட்டிங் மென்பொருளில் கிராபிக்ஸ் அமைப்புக்குள் தெற்காசிய எழுத்துமுறையைத் தேர்ந்தால் சரியாகிவிடும். மற்றவற்றுக்கு, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் எழுதி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக 1920க்கு 1080 அளவில் சேமித்து, வீடியோவின் மேல் தடத்தில் வைப்பேன். படமாகிவிட்டால் எழுத்து கலையாது. எழுத்து இடைவெளியை நீட்டும் வசதியைத் தமிழில் தொடவே கூடாது. காலும் கொம்பும் தனித்தனியாகப் பிரிந்துவிடும். எழுத்து எழுத்தாகப் பறந்துவரும் அனிமேஷனும் வேண்டாம். வரி முழுதும் மெல்லத் தெளிந்து வந்தாலே அழகு.

அதிக நேரம் பிடிப்பது பெயர்கள்தான். ஆறுமுகமும் சுப்பிரமணியனும் ஆவணங்களில் பிரெஞ்சுச் சாயலில், ரோமன் எழுத்தில் பதிவாகியிருக்கும். அதைக் கணினியிடம் கொடுத்துத் தமிழில் மாற்றினால் யாரோ ஒருவர் பெயர்தான் வரும். வீட்டுப் பெரியவரிடம் பேசி, தாத்தாவை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று கேட்டபிறகே எழுதுவேன்.

எந்த மொழி மேலே என்பதும் இங்கே சின்ன விஷயமில்லை. எங்கள் ரூபாய் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்தது தமிழ், அதன்பின் இந்தி. 1998இல் தமிழும் இந்தியும் இடம் மாறி வந்தபோது எழுந்த எதிர்ப்பில் அந்த நோட்டுகளே திரும்பப் பெறப்பட்டன. காவடி வீடியோவில் தமிழைத்தான் மேலே, பெரிதாக வைக்கிறேன்; படிப்பதற்கு ரோமன் எழுத்து அதன் கீழே.

கடைசியில், தலைப்பை மட்டும் தமிழ் ஆசிரியை ஒருவருக்குப் படமாக அனுப்புவேன். அவர் சரி என்றபிறகுதான் வீடியோ வீட்டுக்காரர் கைக்குப் போகும்.