பழைய காம்பாக்ட் எஸ்யூவி வாங்கியபோது கவனித்தவை

சென்னையில் எங்கள் தெருவில் ஒவ்வொரு பருவமழைக்கும் தண்ணீர் நிற்கும். அதனால் தரையிலிருந்து சற்று உயரமாக நிற்கிற, அதேசமயம் நெரிசலில் திருப்பவும் நிறுத்தவும் எளிதான வண்டி எங்களுக்குத் தேவைப்பட்டது. நான்கு மீட்டர் நீளத்துக்குள் அடங்கும் சிறிய எஸ்யூவிகளே அதற்குப் பொருத்தமாக இருந்தன. புதிய வண்டி எங்கள் சேமிப்புக்கு எட்டாததால், பழையதையே நன்றாகப் பார்த்து வாங்குவது என்று வீட்டில் முடிவெடுத்தோம்.

மாருதி விட்டாரா பிரெஸ்ஸா, டாடா நெக்ஸான், ஹூண்டாய் வென்யூ, ஃபோர்டு ஈகோஸ்போர்ட் ஆகிய நான்கையும் பார்த்தோம். மறைமலைநகரில் தயாரான ஈகோஸ்போர்ட் ஓட்டுவதற்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்தப்போவதாக ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்துவிட்டதால், பல ஆண்டுகள் வைத்திருக்க எண்ணிய எங்களுக்கு உதிரிபாகங்களைப் பற்றிய தயக்கம் நீங்கவில்லை. சொந்த ஊருக்கு அடிக்கடி நெடுந்தூரம் போகிறோம் என்பதால் டீசலை நாடினோம். நகருக்குள் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு நான் பெட்ரோலையே சொல்வேன். ஏனெனில் 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 (புகை மாசு வரம்பு விதி) டீசல் வண்டிகளில் உள்ள கரி வடிகட்டி, குறுந்தூர ஓட்டத்திலேயே இருந்தால் சீராகச் சுத்தமாகாமல் அடைத்துக்கொள்கிறது. இறுதியில் 1.3 லிட்டர் டீசல் எஞ்சின் கொண்ட பிரெஸ்ஸாவைத் தேர்ந்தெடுத்தோம். 2019-க்கு முந்தைய வண்டிகளில் ஏர்பேக்கும், திடீரென பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் எல்லா வகைகளிலும் இருக்கும் என்று நம்ப முடியாது. ஆகவே விளம்பரத்தில் உள்ள மாடல் பெயரோடு நிற்காமல், எந்த வேரியன்ட் என்பதை ஆர்.சி.யில் (வண்டியின் பதிவுச் சான்றில்) பார்த்தே உறுதிசெய்தோம்.

எங்கள் ஊரில் பழைய வண்டி வாங்குகிறவர்கள் முதலில் அஞ்ச வேண்டியது, வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டிக்குத்தான். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த வெள்ளத்திலும் எத்தனையோ கார்கள் நீரில் நின்றன. அவற்றைக் கழுவிப் பாலிஷ் போட்டுவிட்டால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் மெக்கானிக் சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுத்து, அதன் அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று முதலில் பார்த்தார். பிறகு இருக்கைக்குக் கீழுள்ள தண்டவாளங்களில் துரு, தரைவிரிப்புக்கு அடியில் ஈரவாடை, ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டல் என்று ஒவ்வொன்றாகத் தேடினார். வெளியில் கண்ணாடிபோல் மின்னிய ஒரு வண்டியை, ஸ்டெப்னிக் குழியைத் திறந்த மாத்திரத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவருக்குக் கொடுத்த கூலி இந்த முயற்சியிலேயே மிகப் பயனுள்ள செலவு என்று இன்றும் நினைக்கிறேன்.

“போறதுக்கு முன்னாடியே போன் பண்ணி, வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்க வேணாம்னு சொல்லிடுங்க சார்” என்பதும் அந்த மெக்கானிக் சொன்னதே. குளிர்ந்த எஞ்சினை நம் கண்முன் இயக்கினால்தான் புகையின் நிறமும், டர்போவின் ஓசையும், வண்டி நகராமல் எஞ்சின் மட்டும் ஓடும் ஐட்லிங்கின் அதிர்வும் உண்மையைச் சொல்லும். பானெட்டையும் முன் ஃபெண்டரையும் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் பெயின்ட் பெயர்ந்திருந்தால், அவை ஒருமுறையாவது கழற்றப்பட்டவை என்று பொருள். ஏன் கழற்றினார்கள் என்று கேட்டுவிட வேண்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு தயாரிப்பு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. நாங்கள் வாங்கிய வண்டியின் டயர்கள் பழையவை என்று அதில் தெரிந்ததால், நான்கு புதிய டயர்களின் விலையைப் பேரத்தில் கழித்துக்கொண்டோம். ஓடிய கிலோமீட்டரை மீட்டரில் பார்த்ததோடு விடாமல், நிறுவன சர்வீஸ் மையத்தில் பதிவாகியிருந்த பழைய வரலாற்றோடும் ஒப்பிட்டோம்.

காகித வேலையில் நாங்கள் அவசரப்படவில்லை. அரசின் வாகனப் பதிவு இணையதளமான பரிவாகனில் பதிவெண்ணைக் கொடுத்துப் பார்த்தபோது, உரிமையாளர் கடனை அடைத்துவிட்டிருந்தும் வங்கியின் பெயர் ஆர்.சி.யிலிருந்து நீக்கப்படாமல் இருந்தது. வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் கொடுத்து அவர் அதை நீக்கிய பிறகே முழுத் தொகையையும் செலுத்தினோம். நிலுவையிலிருந்த போக்குவரத்து அபராதங்களையும் அவரே கட்டினார். பெயர் மாற்றத்துக்கு விற்பவர் படிவம் 29-ஐயும், இருவரும் சேர்ந்து படிவம் 30-ஐயும் கையெழுத்திட வேண்டும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று ஒரு தரகர் சொன்னதை நாங்கள் ஏற்கவில்லை. பெயர் மாறாதவரை, விபத்து ஏதும் நேர்ந்தால் பழைய உரிமையாளரும் வழக்கில் இழுக்கப்படுவார் என்பதால் அது விற்பவருக்கும் நல்லதல்ல. டெல்லிப் பதிவுள்ள வண்டிகள் சில மலிவாகக் கிடைத்தன. ஆனால் அவற்றுக்கு அங்கிருந்து தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) பெற்று, இங்கே சாலை வரியும் கட்டி, மறுபதிவு செய்ய வேண்டியிருப்பதால் விலக்கிவிட்டோம்.

காப்பீட்டைத் தங்கள் பெயருக்கு மாற்றப் பலர் மறந்துவிடுகிறார்கள். வண்டி கைமாறிய 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகப் பழைய உரிமையாளர் சேர்த்து வைத்திருந்த நோ கிளெய்ம் போனஸ் என்னும் பிரீமியத் தள்ளுபடி அவருக்கே உரியது, வண்டியோடு நமக்கு வராது. அந்தத் தள்ளுபடி இல்லாமல் கூடுதலாகக் கட்ட வேண்டிய தொகையையும் முன்கூட்டியே கணக்கில் வைத்திருந்தோம். எங்கள் பெயர் ஏறிய பாலிசி கைக்கு வந்த பிறகே வண்டியை ஊருக்கு எடுத்துச் சென்றோம்.