நின்ற காருக்குத்தான் செலவு

போன வருஷம் மார்ச்சில் ஒரு போர்ஷே பாக்ஸ்டர் வாங்கினேன். 2004-ஆம் வருஷத்து வண்டி, வெள்ளி நிறம், 2.7 லிட்டர் எஞ்சின், மடித்துத் திறக்கிற கறுப்புத் துணிக்கூரை. விலை 6,800 பவுண்டு. லண்டனின் வடமேற்கே ஹாரோவில் வீட்டு முன்னால் நிறுத்திவிட்டு, திருச்சிக்கு வீடியோ கால் போட்டு அம்மாவிடம் காட்டினேன். "வருஷம் பூரா மழை பெய்யற ஊர்ல துணி போர்த்துன காரா?" என்றார். சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். ஒன்றரை வருஷம் கழித்துச் சொல்கிறேன், இந்தக் காரைப் பற்றி யார் யாரோ சொன்னதில் அதுதான் உருப்படியான பேச்சு.

வாங்கும் முன் படிக்காமல் இல்லை. பாக்ஸ்டரின் முதல் தலைமுறை 1996-இல் வந்தது. 986 என்பார்கள். ஆரம்ப வண்டிகளில் பின்கண்ணாடி பிளாஸ்டிக். மஞ்சளாகி, மடிப்பில் விரிசல் விடும். 2003 மாடலில்தான் நிஜக் கண்ணாடி வந்தது, அதனால் அதற்கு முந்தியதைத் தொடவில்லை. அப்புறம் யூலெஸ், அதாவது லண்டனின் புகைக் கட்டணம். 2023 ஆகஸ்ட் 29-இலிருந்து லண்டன் முழுக்க அந்த விதி. புகை அளவு தேறாத காரை எடுத்தால் நாளுக்கு 12.50 பவுண்டு. பதிவு எண்ணை அரசு இணையதளத்தில் போட்டுப் பார்த்தேன், தேறிவிட்டது. சாலை வரியிலும் ஒரு சகாயம்: 2006 மார்ச் 23-க்கு முன் பதிவான கார் எவ்வளவு புகை விட்டாலும் வரி உச்ச அடுக்குக்குப் போகாது.

கார் ஓட்டத் தகுதியானதா என்று பார்க்கும் வருஷாந்திர எம்.ஓ.டி. சோதனையின் பழைய முடிவுகளையும் இங்கே யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஒவ்வொரு வருஷமும் மீட்டர் எவ்வளவு காட்டியது என்பதுவரை இருக்கும். இந்த வண்டி மொத்தம் 61,000 மைல். கடைசி நாலு வருஷத்தில் இரண்டாயிரம் மைல்கூட ஓடவில்லை. "பொத்திப் பொத்தி வைத்திருந்தேன்" என்றார் விற்ற பெரியவர். எனக்கு வாயெல்லாம் பல். நான் செய்த பெரிய தப்புக் கணக்கு அதுதான்.

முதலில் டயர். கோடுகள் ஆழமாக, புதுசு போல இருந்தன. மெக்கானிக் குனிந்து டயரின் பக்கவாட்டில் விரலால் தடவி நாலு இலக்கத்தைக் காட்டினார்: 2313. அதாவது 2013-ஆம் வருஷம், இருபத்து மூன்றாவது வாரம். அந்த எண்ணைச் சுற்றி ரப்பரில் தலைமுடி அளவுக்கு வெடிப்புகள். ஓடித் தேயவில்லை, நின்றே காய்ந்துவிட்டது. முன்னால் ஒரு அளவு, பின்னால் இன்னும் அகலமான அளவு என்பதால் நாலையும் இடம் மாற்றிப் போட்டு ஒப்பேற்றவும் வழியில்லை. நாலும் புதுசு, 560 பவுண்டு.

அடுத்தது அந்தப் புகழ்பெற்ற பேரிங். 986 என்றாலே எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். எஞ்சினுக்குள் இடைத்தண்டு என்று ஒன்று, அதன் ஒரு முனையைத் தாங்கும் பேரிங் உடைந்தால் எஞ்சினே போய்விடும். அமெரிக்காவில் இதற்காகக் கூட்டு வழக்கே நடந்து, 2013-இல் சமரசத்தில் முடிந்தது. உடைவது எல்லா வண்டிக்கும் இல்லை, சிறுபான்மைதான். ஆனால் அந்தச் சிறுபான்மையில் நாம் இருந்துவிட்டால்? மாற்ற வேண்டுமென்றால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அதனால் கிளட்ச் மாற்றும்போது சேர்த்துச் செய்துவிடுவார்கள். என் கிளட்சும் கல் மாதிரி இருந்தது, சரி என்று இரண்டையும் சேர்த்தே செய்தேன்: 1,950 பவுண்டு. கழற்றிய பேரிங்கை மெக்கானிக் என் கையில் வைத்தார். எலுமிச்சம்பழம் அளவுகூட இல்லை. சுழற்றினேன், சத்தமே இல்லாமல் வழுவழுவென்று சுற்றியது. இன்னும் பத்து வருஷம் ஓடியிருக்குமோ என்னவோ. இப்போது மேசையில் காகிதம் பறக்காமல் வைக்க உதவுகிறது.

ஜனவரியில் ஒரு ஞாயிறு காலை, மூன்று வாரம் தொடாமல் விட்டிருந்த காரின் சாவியை அமுக்கினால் மூச்சுப் பேச்சில்லை. பேட்டரி செத்துவிட்டது. பேட்டரி இருப்பது முன்பக்க டிக்கியில். எஞ்சின் நடுவில் இருக்கிற கார் என்பதால் முன்னாலும் பின்னாலும் டிக்கிதான். அந்த முன் டிக்கியைத் திறக்கும் பூட்டு மின்சாரத்தில் இயங்குவது. பேட்டரியைத் தொட டிக்கி திறக்க வேண்டும், டிக்கி திறக்கப் பேட்டரி வேண்டும்!

இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தின் பக்கச் சுவரில் ஃபியூஸ் பெட்டி. அதற்குள் ஒரு முனையை வெளியே இழுக்கலாம். அதில் சிவப்பு ஒயரை மாட்டி, கறுப்பை கதவு பூட்டும் கொக்கியில் கவ்வவிட்டால், வெளியிலிருந்து வரும் மின்சாரத்தில் டிக்கி திறக்கும். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணை தன் பழைய டொயோட்டாவைக் கொண்டுவந்து ஒயரைக் கொடுத்தார். கறுப்பைக் கவ்வவிட்ட அதே நொடியில் அலாரம் தெருவையே எழுப்பிவிட்டது. டிக்கி திறந்தது, எதிர்வீட்டுத் திரைகளும் திறந்தன. "இவ்வளவு காசு குடுத்து வாங்கிப்போட்டு, பொனட்டைத் திறக்கவே பக்கத்து வீட்டுக் கார் வேணுமோ தம்பி?" என்றார் அண்ணை. புதுப் பேட்டரியும், நிற்கும்போது மாட்டி வைக்கும் சின்ன சார்ஜரும் அன்றைக்கே வாங்கினேன்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பிப்ரவரியில் கதவைத் திறந்ததும் நனைந்த கோணிச்சாக்கு வாடை. கண்ணாடியில் உள்பக்கம் வியர்த்திருந்தது. தரைவிரிப்பை அழுத்தினேன், விரலிடுக்கில் தண்ணீர் ஏறியது. துணிக்கூரை கிழிந்துவிட்டது என்று பயந்து டார்ச் அடித்துத் தேடினேன். துணி நன்றாகத்தான் இருந்தது. கூரையில் விழும் மழை, கூரை மடிந்து போகும் பள்ளத்தின் இரு மூலைகளிலும் உள்ள துளைகள் வழியாகக் குழாயில் இறங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் கொட்ட வேண்டும். அந்தத் துளை இரண்டும் இலையால் அடைத்திருந்தன. இலை, இலைக்காம்பு, பாசி எல்லாம் மக்கி, டீத்தூள் சக்கை மாதிரி ஒரு கறுப்புக் கட்டி. போக வழியில்லாத தண்ணீர் உள்ளே வந்துவிட்டது.

இதில் வில்லங்கம் என்னவென்றால், சாவியை அடையாளம் கண்டு வண்டியை ஸ்டார்ட் செய்ய அனுமதிக்கும் மின்னணுப் பெட்டி இருப்பது இருக்கைக்கு அடியில், தரையோடு தரையாக. அது நனைந்தால் கார் வெறும் தகரம். இருக்கையின் நாலு போல்ட்டையும் கழற்றித் தூக்கிப் பார்த்தேன். பெட்டிக்கு ஒரு விரற்கடை கீழே தண்ணீர் நின்றிருந்தது. விரிப்புக்கு அடியில் கனமான பஞ்சு இருக்கிறது, அது தண்ணீரை விடவே விடாது. ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து ஐந்து நாள் ஓட்டினேன். தினமும் ஒரு குடுவை தண்ணீர். என் மனைவி அந்த வாரம் கார் பற்றி எதுவும் பேசவில்லை. அதுவே போதுமானதாக இருந்தது.

துளையைக் கம்பியால் குத்தக்கூடாது, குழாய் ஓட்டையாகும். காற்றடித்தால் குழாய் இணைப்பிலிருந்து கழன்றுகொள்ளும், அப்புறம் தண்ணீர் நேராக உள்ளேதான். புல் வெட்டும் இயந்திரத்து நைலான் கயிற்றை மெதுவாக விட்டு அசைத்தால் போதும். பிறகு ஒரு குவளை தண்ணீரை ஊற்றி, சக்கரத்துக்கு முன்னால் சொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இப்போது வாரம் ஒரு முறையாவது முப்பது மைல் ஓட்டுகிறேன், மழையோ வெயிலோ. அதற்குப் பிறகு பெரிய செலவே வரவில்லை. எண்ணெய் மாற்றும்போது ஃபில்டரை அறுத்து மடிப்புகளில் உலோகத்தூள் மின்னுகிறதா என்று பார்ப்பேன். எட்டரை லிட்டர் எண்ணெய் குடிக்கும் வண்டி, வலிக்கத்தான் செய்கிறது. கூரையைத் திறந்து ஓட்டிய நாட்களை எண்ணினால் முதல் வருஷத்தில் நாற்பது தேறும். ஜூன் மாதம் சில்டர்ன் மலைப்பக்கம் இரண்டாவது கியரில், தலைக்குப் பின்னால் அந்த எஞ்சின் சத்தத்தோடு போன ஒரு மாலையை மட்டும் எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை.

சனிக்கிழமை காலையில் கூரையைப் பாதி தூக்கி நிறுத்தி, இரண்டு மூலையையும் கையால் துழாவுகிறேன். மரம் அண்ணை வீட்டுடையது. போன வாரம் துடைப்பத்தோடு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார்: "இந்தக் கிழமை எத்தனை இலை, தம்பி?"

பதினொன்று என்றேன்.