நடப்பதற்குக் கட்டணம் இல்லை

உடற்பயிற்சி என்றதும் ஜிம்மையும் அதன் கட்டணத்தையும் நினைத்துத் தயங்கும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். 1953இல் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர், லண்டன் மாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வில், நாள் முழுதும் இருக்கையில் அமர்ந்திருந்தவர்களைவிட, பயணச்சீட்டுக் கொடுப்பதற்காகப் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தவர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது தெரியவந்தது. ஓட்டுநரின் மன அழுத்தம்தான் காரணமோ என்று கேட்பது நியாயமே. ஆனால் நடந்து கடிதம் கொடுத்த தபால்காரர்களை அலுவலக எழுத்தர்களோடு ஒப்பிட்டபோதும் அதே போக்கே காணப்பட்டது.

என்னை இன்னும் ஈர்த்தது 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வு. 120 முதியவர்கள் பங்கேற்ற அதில், வாரத்துக்கு மூன்று நாள், 40 நிமிடம் வீதம் ஓராண்டு நடந்தவர்களின் மூளையில், நினைவாற்றலுக்கு அடிப்படையான ஹிப்போகேம்பஸ் பகுதி ஏறத்தாழ 2 விழுக்காடு பெருத்திருந்தது. உடலை நீட்டி வளைக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது சுருங்கியிருந்தது.

இயங்கும் கால் தசைகள், இன்சுலின் துணையின்றியும் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். ஆகவே இரவு இட்லியோ தோசையோ சாப்பிட்ட கையோடு தொலைக்காட்சி முன் உட்காராமல், தெருமுனை வரை பத்து நிமிடம் நடந்து வாருங்கள். அம்மா மழை நாட்களில் கூடத்துக்கும் அடுக்களைக்கும் இடையிலேயே நடக்கிறார், அதுவும் நடைதான். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் மட்டும் சர்க்கரை அளவு தாழ்ந்துவிடாமலிருக்க, மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.