பத்மினிக்கு ஒரு ஸ்பிரிங்

அப்பா வாங்கிய பிரீமியர் பத்மினி கார், 1089 சிசி இன்ஜின், இன்னும் எங்கள் வீட்டில் ஓடுகிறது. போன வாரம் தக்கலை தாண்டி வரும்போது ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தும் இரைச்சல் குறையவில்லை. கிளட்சை மிதித்து ஓரம் கட்டி அணைத்தேன். பானெட்டைத் திறந்தால், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைப் பெடலோடு இணைக்கிற லிங்கேஜை இழுத்துப் பிடிக்கிற ரிட்டர்ன் ஸ்பிரிங் கொக்கி வளைவில் முறிந்து கிடக்கிறது. குளச்சல் கடல் காற்றில் துருப்பிடித்த கம்பி எத்தனை நாள்தான் தாங்கும்!

வடசேரி, கோட்டாறு என்று கடை கடையாக ஏறினேன். ஒரு கடையில் பைக் ஸ்டாண்ட் ஸ்பிரிங்கை எடுத்து நீட்டினார்கள். தயவுசெய்து அதையெல்லாம் மாட்டாதீர்கள். ரொம்ப விறைப்பாக இருந்தால் பெடல் கனக்கும், லிங்கேஜ் மூட்டுகள் சீக்கிரம் தேயும். தளர்ந்ததைப் போட்டால் இன்ஜினுக்குள் காற்றை விடும் மூடியான த்ராட்டில் முழுதாக மூடாது, ஐட்லிங், அதாவது பெடலை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம், ஏறியே நிற்கும்.

கடைசியில் மார்த்தாண்டத்தில் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணன்தான் வழி காட்டினார். "மக்கா, வண்டிப் பேரைச் சொல்லித் தேடாத, அளவைச் சொல்லித் தேடு" என்றார். கம்பித் தடிமன், வெளிவிட்டம், சுற்று எண்ணிக்கை எல்லாம் முறிந்த துண்டிலேயே வெர்னியர் அளவுகோல் வைத்து எடுத்தார், ஆனால் பழைய ஸ்பிரிங் இழுபட்டிருக்கும் என்பதால் நீளத்தை மட்டும் அதில் பார்க்காமல், அது மாட்டும் இரண்டு துளைகளுக்கு நடுவே த்ராட்டில் மூடியிருக்கும்போது ஒரு தடவை, முழுக்கத் திறந்திருக்கும்போது ஒரு தடவை என்று அளந்தார். அவருடைய பழைய டப்பாவிலேயே சரியாகப் பொருந்துகிற மாதிரி இரண்டு கிடைத்தன, ஒன்றை மாட்டிவிட்டு மற்றதை வண்டியிலேயே வைத்திருக்கிறேன்.

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ய உதவும் சோக் பக்கத்துச் சின்ன ஸ்பிரிங்தான் இன்னும் கிடைக்கவில்லை. யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன்.