கால் வைத்த கொட்டான்

எங்கள் வியாழக்கிழமைக் கைவேலைக் கூட்டத்தில் இப்போது கல்யாண வேலை நடக்கிறது. பள்ளத்தூர் ஆச்சியின் பேத்திக்குத் தை மாதம் கல்யாணம். எல்லா வீட்டிலும் கொடுப்பதுபோல் தாம்பூலத்தைப் பையில் போட்டுக் கொடுக்காமல், நெருங்கின சொந்தத்துக்காவது கொட்டானில், அதாவது பனையோலையில் பின்னின சின்னக் கூடையில், வைத்துக் கொடுக்க வேண்டும் என்று ஆச்சிக்கு ஆசை. ஆச்சி கேட்டுவிட்டால் எங்களில் யாருக்கும் மறுத்துப் பேச வராது. 101 கொட்டான், உழக்கு அரிசி கொள்கிற அளவு, நிறம் மட்டும் எங்கள் இஷ்டம். போன வாரம் எண்ணியபோது 64 முடிந்திருந்தது. திருக்கார்த்திகை கழிந்து ஆச்சி வீட்டில், தினம் ஒரு நூல் இழை எடுத்து வைக்கிற பிள்ளையார் நோன்புக்கு இன்றைக்குப் பதினோராவது இழை எடுத்திருக்கிறார்கள். இருபத்தொரு இழை சேர்ந்து நோன்பும் முடிவதற்குள் கொட்டான் வேலையையும் முடித்துவிட வேண்டும் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறோம்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், நாங்கள் மொத்தம் ஒன்பது பேர். கோட்டையூர் டீச்சர் வீட்டு வளவில் உட்காருவோம். நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் ஆத்தங்குடிக் கல் பாவின தரை, அதன்மேல் ஆளுக்கு ஒரு தடுக்கு. மதியம் மூன்று மணிக்குச் சேர்ந்தால் விளக்கு வைக்கிற நேரத்துக்கு எழுந்துவிடுவோம். எல்லோரும் கொட்டான் பின்னுகிறவர்கள் இல்லை. தேவகோட்டை அக்கா வயர் கூடையில் கெட்டி, சிவன் கண் முடிச்சைப் பேச்சுக்கு நடுவில் தரையைப் பார்க்காமலே போட்டுக்கொண்டு போவார். டீச்சருக்குக் குரோஷா. கீழக்கரையில் பிறந்து வியாபாரத்துக்காகக் குடும்பத்தோடு காரைக்குடி வந்துவிட்ட அக்கா ஒருவர் இருக்கிறார், அவர் வந்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை, அவரைப் பற்றித்தான் இன்றைக்கு முக்கியமாக எழுத வேண்டும்.

அதற்கு முன் ஓலை. சாயல்குடிப் பக்கமிருந்து ஓலை வருகிறது, குருத்தோலை. முற்றின ஓலை வேலிக்கும் கூரைக்கும் ஆகும், கொட்டானுக்கு ஆகாது, மடிக்கிற இடத்தில் வெடித்துவிடும். குருத்தை அளவாக எடுத்தால்தான் மரம் பிழைக்கும், எல்லாவற்றையும் உருவிவிட்டால் மரம் பட்டுப்போகும். ஓலை வெட்டித் தருகிறவரிடம் ஒவ்வொரு முறையும் இதைக் கேட்டுக்கொள்வோம். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தபோது எங்களுக்கெல்லாம் அவ்வளவு நிம்மதி, மரம் இருந்தால்தானே ஓலை.

இந்த முறை கார்த்திகை மழையில் வந்த கட்டு உள்ளே ஈரமாகவே இருந்தது. பிரித்துப் பார்த்தால் நடுவில் கருப்பாகப் பூசணம். முற்றத்தில் காயப் போட வெயில் இல்லை. டீச்சர் வீட்டு இரண்டாங்கட்டில் கொடி கட்டி, மின்விசிறியை இரவெல்லாம் ஓடவிட்டு, மறுநாள் ஒவ்வொரு ஓலையாகத் துணியால் துடைத்து எடுத்தோம். அப்புறம் ஈர்க்கை உரித்து, ஓலையை வாராகக் கிழிக்க வேண்டும். தேவகோட்டை அக்கா ஒரு சின்ன மரக்கட்டையில் இரண்டு ஊசியைப் பக்கத்தில் பக்கத்தில் இறக்கி வைத்திருக்கிறார், அதன்மேல் ஓலையை வைத்து இழுத்தால் இரண்டு ஊசிக்கும் நடுவில் இருக்கிற அகலத்துக்குச் சீராகக் கிழிந்து வருகிறது. முன்பெல்லாம் கத்தியால் கிழிப்போம், ஒன்று அகலம் ஒன்று குறுகல் என்று வரும். 101 கொட்டானும் ஒரே மாதிரி நிற்க வேண்டுமென்றால் வார் எல்லாம் ஒரே அகலமாக இருக்க வேண்டும், இந்தக் கட்டை வந்தபிறகு எங்கள் வேலை பாதியாகக் குறைந்தது என்றே சொல்லலாம்.

சாயத்தில்தான் மனசு கஷ்டமாகிப்போனது. எப்போதும் வாங்குகிற இடத்தில் வாடாமல்லி நிறம் தீர்ந்துவிட்டது என்று வேறு ஒரு கடையில் வாங்கினோம். வழக்கம்போலக் கொதிக்கிற தண்ணீரில் பொடியைக் கரைத்து, கைப்பிடி உப்புப் போட்டு, ஓலையை அரைமணி நேரம் வேகவைத்து, அலசி, நிழலில் உலர்த்தினோம். நிறம் கண்ணைப் பறித்தது. பன்னிரண்டு கொட்டான் பின்னி முடித்த பிறகு, புதுவயல் தங்கச்சி ஈரக்கையோடு ஒன்றை எடுத்து வெள்ளைத் துண்டின்மேல் வைத்தாள், எடுத்தபோது துண்டில் ரோஜாப்பூ மாதிரி வட்டமாகக் கறை. வெற்றிலையை ஈரத்தோடு வைப்பார்கள், பட்டுச்சேலைக்காரர்கள் மடியில் வைத்துக்கொள்வார்கள், கொடுக்க முடியுமா? பன்னிரண்டையும் ஒதுக்கிவிட்டோம். அதில் மூன்று ஆச்சி பின்னியவை. எழுபத்தெட்டு வயதில் அந்த விரல்கள் ஒரு நாளைக்கு ஒன்றுதான் முடிக்கும். ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை, "பொரிகடலை போட்டு வச்சுக்கலாம்த்தா, வீணாப் போகாது" என்று எடுத்து ஓரமாக வைத்தார். இப்போது சாயம் போட்ட ஓலையில் ஒரு வாரை வெட்டி, ஈரத்துணியில் சுருட்டி ஒரு ராத்திரி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பின்னத் தொடங்குகிறோம். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். தண்ணீர் தெளிவாக வருகிறவரை அலசுவது மட்டும் போதாது.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டு வாரத்துக்கு முன் ஆச்சி ஒரு பழைய கொட்டானைக் கொண்டுவந்தார். கல்யாணத்துக்குச் சாமான் பரப்ப வேண்டுமே என்று மேல்வீட்டு அறையைத் திறந்து பெட்டிகளை இறக்கியபோது, ஒரு மரப்பெட்டிக்குள் பழஞ்சேலையில் சுற்றி இருந்ததாம். ஆச்சியின் அப்பத்தா பின்னியது. ஓலை தேன் நிறத்துக்குப் பழுத்திருந்தது, சிவப்பு மட்டும் இன்னும் சிவப்பாகவே இருந்தது. வாய்ப்பக்கம் நூல் பின்னலும், அதில் கோத்த பொடிப் பாசிகளும், நாலைந்து உதிர்ந்த இடத்தில் நூல் மட்டும் தொங்கிக்கொண்டு. நாங்கள் எல்லோரும் பாசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். டீச்சர்தான் கொட்டானைத் தூக்கிக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, "இது தரையில படலயே" என்றார்.

உண்மைதான். நாங்கள் பின்னுகிற கொட்டானுக்கு அடி சதுரம், வாய் வட்டம், அடி அப்படியே தரையில் தட்டையாக உட்காரும். இந்தக் கொட்டானுக்கு நான்கு மூலையிலும் மிளகளவு ஒரு கூர், நாலு கால் வைத்த மாதிரி. அடிப்பாகம் தரையிலிருந்து ஒரு நெல் கனம் உயர்ந்து நிற்கிறது. ஈரத்தரையில் வைத்தாலும் அடி நனையாது, காற்று போய் வரும், பூசணம் பிடிக்காது. பூசணத்தோடு ஒரு வாரம் மல்லுக்கட்டிய எங்களுக்கு அந்தக் கால்களைப் பார்த்ததும் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று யாருக்கும் பிடிபடவில்லை. நாங்கள் மூலை திருப்புவது எளிது: அடியை ஒன்றுவிட்டு ஒன்றாகச் சதுரமாகப் பின்னி, மூலைக்கு வந்ததும் பக்கத்துப் பக்கத்து வார் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று தாண்டவைத்து மேலே மடக்கினால் சுவர் எழும்பத் தொடங்கும். இங்கே மூலையில் வார்கள் கூடுதலாக ஒரு சுற்று சுற்றியிருக்கின்றன, அந்தச் சுற்று உள்ளே போகிறதா வெளியே வருகிறதா என்று தெரியவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தோம், போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தோம். புதுவயல் தங்கச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஏழு மூலை போட்டுப் பார்த்தாள், ஏழும் சரிந்தன. ஒரு மூலையைப் பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் அதை ஆச்சியிடம் யார் கேட்பது? பழுத்த ஓலை, பிரித்தால் திரும்பச் சேராது.

போன வியாழக்கிழமை ஆச்சியே கேட்டார், "பிரிச்சுப் பாப்பமா?" என்று. கேட்டுவிட்டுக் கொட்டானை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். டீச்சர் வேண்டாம் ஆச்சி என்றார், நானும் வேண்டாம் என்றேன். அப்போதுதான் கீழக்கரை அக்கா உள்ளே வந்தார். அதற்கு முந்தின வாரம் அவர் வரவில்லை, மகனுக்குக் காய்ச்சல். கொட்டானைக் கையில் வாங்கினார், திருப்பினார், கட்டைவிரலை மூலையில் வைத்து அழுத்திப் பார்த்தார். "இது எங்க உம்மம்மா போடுற மூலதானே" என்றார். அம்மாவின் அம்மாவைத்தான் அப்படிச் சொல்கிறார்.

அவர் ஊரிலும் ஓலையில் பெட்டி, கொட்டான் எல்லாம் பின்னுவார்கள். உம்மம்மா பின்னும்போது பக்கத்தில் உட்கார்ந்து வார் எடுத்துக் கொடுத்த ஞாபகம்தான், சொந்தமாகப் போட்டுப் பல வருடம் ஆகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே நனைத்த ஓலையை எடுத்து உட்கார்ந்தார். முதல் மூலை சரிந்தது. இரண்டாவதும் கொஞ்சம் சரிந்தது. மூன்றாவதில் கை தானாகப் போக ஆரம்பித்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம், அவர் கண் முற்றத்துப் பக்கம் இருந்தது, விரல் மட்டும் வேலை செய்தது.

நான் பார்த்த அளவில் சொல்கிறேன். மூலைக்கு வந்ததும் ஒரு வாரை அல்ல, இரண்டிரண்டு வாராகச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். மேலே மடக்குவதற்கு முன்னால், உள்ளேயிருந்து கட்டைவிரலால் மூலையை வெளியே தள்ளிக் கூர் எடுக்க வேண்டும். அந்தக் கூர் கலையாமல் விரலை உள்ளேயே வைத்துக்கொண்டு, இடப்பக்க ஜோடியை வலப்பக்க ஜோடிக்கு மேலாக ஒரு முறுக்கு முறுக்கி, அப்புறம்தான் சுவருக்குத் தூக்க வேண்டும். நாங்கள் விரலை எடுத்துவிட்டு முறுக்கினோம், அதனால்தான் சரிந்தது. ஓலையும் சரியான பதத்தில் இருக்க வேண்டும், தண்ணீரில் ஊறினதாக இருக்கக் கூடாது, ஈரத்துணியில் சுற்றி வைத்து எடுத்ததாக இருக்க வேண்டும். ஊறின ஓலை காய்ந்ததும் சுருங்கி முறுக்கு தளர்ந்துவிடும்.

நாலு மூலையும் முடிந்ததும் அந்தச் சின்ன அடியைத் தரையில் வைத்தார். நின்றது. ஆச்சி பக்கத்தில் அப்பத்தாவின் கொட்டானையும் வைத்தார். கொஞ்ச நேரம் வளவில் யாரும் பேசவில்லை. அப்புறம் ஆச்சி, "இங்கயிருந்து அங்க போச்சோ, அங்கயிருந்து இங்க வந்துச்சோ, வந்து சேந்துருச்சு" என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது என்பது இன்றைக்கு எல்லோருக்கும் தெரியும். விசாலாட்சி ராமசாமி அவர்களின் எம்.ஆர்எம்.ஆர்எம். அறக்கட்டளை கிராமத்துப் பெண்களைத் திரட்டிப் பயிற்சி கொடுத்திருக்காவிட்டால் அந்தக் குறியீட்டை வாங்கக் கைவேலையே மிஞ்சியிருக்காது, அந்த உழைப்பை நான் எப்போதும் நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் இந்த மாதிரி ஒரு மூலை, ஒரு முறுக்கு எல்லாம் யாரோ ஒருவர் விரலில்தான் தங்கியிருக்கிறது. உங்கள் வீட்டில் பழைய கொட்டானோ தடுக்கோ இருந்தால் தயவுசெய்து எடுத்துப் பாருங்கள், அடியைத் திருப்பிப் பாருங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைக்குப் போகிறவர்களும் மரச்சாமானோடு நிற்காமல் ஓலைச்சாமான் கிடந்தால் கையில் எடுத்துப் பாருங்கள்.

மற்றபடி கூட்டத்துச் செய்திகள். டீச்சர் தன் வீட்டு ஆத்தங்குடிக் கல்லில் இருக்கிற பூவைக் கட்டம் எண்ணிக் குரோஷாவில் மேஜை விரிப்பாக இறக்கிவிட்டார், எட்டு மாத வேலை. நடுப்பூவில் ஒரு இதழ் கூடுதலாக வந்துவிட்டது என்று பிரித்துப் போட்டதுதான் அதில் இரண்டு மாதம். தேவகோட்டை அக்காவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார், தரையில் உட்காரக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், அடுத்த வாரத்திலிருந்து நாற்காலியில் உட்கார்ந்து பின்னுவார். அவருக்கு மடியில் வைக்கப் பலகை ஒன்று தேவை, யார் வீட்டிலாவது பழைய சாய்வு எழுத்துப் பலகை இருந்தால் சொல்லுங்கள். புதுவயல் தங்கச்சி கண்டாங்கிச் சேலைக் கட்டத்தைக் கொட்டானில் கொண்டுவந்திருக்கிறாள், கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு, கருப்பு, பார்த்தால் சேலையைச் சுருட்டி வைத்த மாதிரியே இருக்கிறது. கல்யாணப் பெண்ணுக்கென்று தனியாகப் பின்னுகிற பெரிய கொட்டான் அந்தக் கட்டத்தில்தான் வரப்போகிறது, படி அளவு. டீச்சரின் பேத்தி அரைப்பரீட்சை லீவுக்கு வருகிறாள், போன வருடம் ஓலைக் கிலுகிலுப்பை கற்றுக்கொண்டு போனவள், இந்த முறை கொட்டான் வேண்டும் என்று இப்போதே போனில் சொல்லிவிட்டாள்.

இனி பின்னுகிற 37 கொட்டானுக்கும் கால் வைப்பது என்று முடிவாகிவிட்டது. முதலில் முடிந்த 64க்கு என்ன செய்வது என்று ஒரு பேச்சு வந்தது. ஆச்சி அதற்கும் வழி சொல்லிவிட்டார், காலில்லாதது மாப்பிள்ளை வீட்டாருக்கு, கால் வைத்தது பெண்வீட்டாருக்கு. வாடாமல்லி வேண்டாம், சிவப்பும் பச்சையும் போதும்.

அடுத்த வியாழக்கிழமை வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு பழைய பருத்தித் துணி கொண்டுவாருங்கள், ஓலை சுற்றி வைக்க. கீழக்கரை அக்கா இரண்டு மணிக்கே வந்துவிடுகிறேன் என்றிருக்கிறார், மூலை கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் அதற்கே வந்துவிடுங்கள். ஆச்சி வீட்டிலிருந்து வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும் வருகிறது.